கரையணைதல்

கடலோடுதலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நடுக்கடலைப் பற்றியே பேசுவர். புயலும் திரையும் திசை தெரியாத இருளும் கதைகளுக்கு உகந்தவை. ஆயின், கடலையே தொழிற்களமாகக் கொண்டோரைக் கேட்பின் அவர்கள் வேறொன்று கூறுவர். கலத்தை ஓட்டுவது பெரிதன்று. அதனைச் சேதமின்றித் துறையில் அணைத்துக் கட்டுவதே பெரிது என்பர். நடுக்கடலில் ஒரு பிழை நேரின் அதனைத் திருத்துவதற்கு நாற்றிசையிலும் இடமுண்டு. இறங்குதுறையில் பிழை நேரின், திருத்துவதற்கு எஞ்சியிருப்பவை சில அடி நீரும் சில கணப்பொழுதுமே.

இவ்வுண்மையை நெடுந்தீவுக் குடும்பமொன்று 2022ஆம் ஆண்டின் சோழகக் காலத்திலே கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டவர்கள் பிள்ளைகளும் அவர்தம் தாயும் மாத்திரமல்லர். கற்பிக்கப் புகுந்த தந்தையும் கற்றுக்கொண்டார் என்பதே இங்கு கருதத்தக்கது.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்கும், அங்கிருந்து மற்றொரு கடற்பாலத்தைக் கடந்து புங்குடுதீவுக்கும் செல்லும் தெரு, குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் நெடுந்தீவுக்குத் தெரு இல்லை, கடலே தெரு. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அரிசி, மா, சீனி, சீமெந்து, கூரைத்தகடு, பாடப்புத்தகம் யாவும் அத்தெருவழியே வந்து, மாவிலித்துறையில் இறங்கவேண்டியவை. அவ்வாறு சாமான் ஏற்றும் லோஞ்சு ஒன்றினை அக்குடும்பம் உடைமையாகக் கொண்டிருந்தது. நாற்பதடி நீளமான மரக்கலம், டீசல் இயந்திரம். தந்தை சுக்கான் பிடிப்பார். கயிறு எறியவும் கட்டவும் சுமை இறக்கவும் கூலியாட்கள் இருவர் இருந்தனர்.

2022இல் நாடெங்கும் எரிபொருட் தட்டுப்பாடு நிலவிற்று. டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. கிழமைக்கு ஆறு நாள் ஓடிய லோஞ்சு ஒரு நாளோ இரு நாளோ ஓடிற்று. ஓடாத நாளுக்குக் கூலி கொடுக்க வழியில்லை; கூலியின்றிக் காத்திருக்க ஆட்களுக்கும் வழியில்லை. ஒருவர் வெளிநாடு போனார். மற்றவர் யாழ்ப்பாணத்தில் மேசன் வேலைக்குப் போனார். எஞ்சியவர்கள் வீட்டிலுள்ளோரே: மனைவி, 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையை 2022இன் தொடக்கத்தில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மகள், பதினாறு வயது மகன். "உதில என்ன கிடக்கு? கயித்தை எறியிறதும் கட்டிறதும்தானே" என்று தந்தை கூறினார். அதற்குமேல் அவர் எதுவும் கற்பிக்கவில்லை.

முதல் மூன்று பயணங்களும் ஒருவாறு முடிந்தன. ஒவ்வொரு முறையும் துறையை நெருங்கியதும் தந்தையின் குரல் உயர்ந்தது. "பிடி! விடு! அங்கை இல்லை, இஞ்சை! கட்டடா தம்பி, கட்டு!" இயந்திரத்தின் இரைச்சலில் அக்குரல் அணியத்தைச் சேரும்போது சொற்கள் உதிர்ந்து சினம் மாத்திரமே மிஞ்சிற்று. எதைப் பிடிப்பது, எதை விடுவது, 'அங்கை' என்பது எங்கே என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. துறையிலே நின்றோர் சிரித்தனர். மகள் அச்சிரிப்பைக் கண்டாள். தாய் காணாதவள் போல நின்றாள்.

நாலாம் பயணத்தின்போது சோழகம் கடுமையாக வீசிற்று. அன்று அவர்கள் கட்டவேண்டியிருந்த பக்கத்திலே காற்று கலத்தைத் துறையிலிருந்து விலக்கிற்று. மகன் பதற்றத்தில் அணியக் கயிற்றைத் துறையின் இரும்புத் தூணிலே இறுக்கிக் கட்டிவிட்டான். அணியம் கட்டுண்டது, பின்புறமோ காற்றோடு போயிற்று. கட்டுண்ட முனையைச் சுற்றி முழுக் கலமும் கதவொன்று கீலிலே திரும்புவதுபோலத் திரும்பிற்று. அணியத்தின் பக்கப்பலகை கொங்கிறீற்றை நோக்கிச் சாய்ந்தது. தந்தை "தள்ளு! தள்ளு!" என்று கத்தினார். அருகில் நின்ற தாய் தள்ளினாள். கையாலல்ல, காலால். இமைப்பொழுதில் அவள் காலை இழுத்துக்கொண்டாள். செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. கலம் விலகியபின் மகள் அதனைக் கொக்கித்தடியால் எடுத்தாள். ரப்பர்ச் செருப்பு பனையோலை போலத் தட்டையாகியிருந்தது.

அன்றிரவு வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தட்டையான செருப்பு வாசற்படியில் கிடந்தது. தாய் அதனை எறியவுமில்லை, எடுத்து வைக்கவுமில்லை. சோற்றைப் பரிமாறிவிட்டு, "இனி நான் வரேல்லை" என்று மாத்திரம் கூறினாள். சற்று நேரத்தின் பின் மகள் பேசினாள். "அப்பா, நீங்க கத்தேக்க எங்களுக்கு ஒண்டும் விளங்குறேல்லை. அங்கை வைச்சுச் சொல்லாதேங்கோ. இஞ்சை வைச்சுச் சொல்லித் தாங்கோ."

தந்தைக்கு இது புதுமையான வேண்டுகோள். அவருக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. பத்து வயதிலே தம் தந்தையின் வள்ளத்தில் ஏறினார். பிழை விட்டபோது கயிற்றின் முனை முதுகில் விழுந்தது, விடாதபோது விழவில்லை. அவ்வளவே பாடம். ஆண்டுகள் பல சென்றபின் கலம் எப்போது எப்பக்கம் சாயும் என்பதை அவர் கைகள் அறிந்திருந்தன. ஆயின், கைகள் அறிந்ததை வாய் அறிந்திருக்கவில்லை.

இது அவரொருவரின் குறையன்று. ஈழத்து வடகரையின் கடலறிவு பெரும்பாலும் இவ்வாறே கைமாறி வந்திருக்கின்றது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அவ்வூர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளஸ்ரர் துறையைச் சென்றடைந்தது. அத்துணை வல்லமை வாய்ந்த மரபு தண்டையலிடமிருந்து சிறுவனுக்கு, சிறுவனிலிருந்து அவன் மகனுக்கு என்று உடலாலும் கண்ணாலும் பெரிதும் கற்கப்பட்டது. அம்முறை சிறுவயதிலேயே ஏறி நெடுங்காலம் கலத்திலே வாழ்வோருக்குப் பொருந்தும். பத்தாண்டுகளில் மெல்லப் படிவதைப் பத்து நாளிற் பெறவேண்டிய நிலை வரும்போது, அம்முறை கைவிட்டுவிடுகின்றது. அப்போது கண்ணால் மாத்திரம் கற்றவர், சொல்லாலும் கற்பிக்கக் கடமைப்படுகின்றார். அன்றியும், அம்மரபு பெண்களைக் கரையிலேயே நிறுத்திற்று. கருவாடு காயவைத்தலும் கணக்குப் பார்த்தலும் காத்திருத்தலும் அவர்களுக்குரியவை, கயிறு அவர்களுக்குரியதன்று. ஆதலின், தாய்க்கும் மகளுக்கும் கற்பிப்பதற்கு முன்மாதிரியும் அவரிடம் இருக்கவில்லை.

மறுநாட் காலை அவர் முற்றத்து மணலைக் கூட்டிச் சமப்படுத்தினார். வாசற்படி இறங்குதுறையாயிற்று. பனை மட்டைத் துண்டொன்று லோஞ்சாயிற்று. தும்புக் கயிறு கட்டுகயிறாயிற்று. டீசல் இல்லாத காரணத்தாற் கடலில் ஒத்திகை பார்க்க இயலாது. மணலிலே எத்தனை முறையும் பிழை விடலாம்.

முதலில், கலம் திரும்பும் விதத்தைக் காட்டினார். உழவு இயந்திரம் முன்னாலே திரும்பப் பின்புறம் அதனைப் பின்தொடரும். கலம் அவ்வாறன்று. சுக்கான் பின்னாலே இருத்தலால், திருப்பும்போது பின்புறமே வெளியே வீசப்படும். முன்னே ஓடும் கலம் அணியத்திலிருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்குத் தூரத்திலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றியே திரும்புகின்றது. ஆகவே, அணியம் துறையைத் தொட்டுவிட்டதென மகிழ்பவர் பின்புறத்தை மறந்துவிடுகின்றார். பின்னும் ஒன்று: அவருடைய லோஞ்சின் விசிறி, பின்னாலிருந்து நோக்குமிடத்து வலஞ்சுழியாகச் சுழல்வது. அதனைப் பின்கியரில் இட்டால் பின்புறம் இடப்பக்கம் இழுபடும். இடப்பக்கமாகத் துறையை அணைந்தால் நிறுத்துவதும் பின்புறத்தை உள்ளிழுப்பதும் ஒரே செயலில் முடிந்துவிடும். வாய்ப்புள்ள வேளைகளிலெல்லாம் தாம் இடப்பக்கமாகவே கட்டுவதன் காரணத்தை அன்றுதான் அவர் முதன்முறையாகச் சொற்களாற் கூறினார். கூறி முடித்தபோது தமக்கே அது தெளிவாகியதைக் கண்டு சிறிது வியந்தார்.

இரண்டாவது பாடத்தை மகன் தந்தான். சுமையோடு லோஞ்சு பதினைந்து தொன் வரும் என்று தந்தை கூற, அவன் பாடசாலையிற் படித்த சூத்திரத்தைக் கொண்டு மணலிலே கணக்கிட்டான். மனிதன் நடக்கும் வேகத்தில் அது துறையை மோதுமாயின், அதன் வலு ஐம்பது கிலோச் சீமெந்துப் பையொன்று ஏறத்தாழ நூறடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். "அப்ப அம்மான்ரை கால் அதை நிப்பாட்டுமோ?" என்று அவன் கேட்டான். ஒருவரும் விடை கூறவில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மோதலின் வலு காற்பங்காகிவிடும் என்பதையும் அவனே கண்டு கூறினான். அன்றே முதல் விதி பிறந்தது: கலத்துக்கும் துறைக்கும் இடையில் ரயரைத் தவிர வேறெதுவும் போகலாகாது. "பலகை உடைஞ்சா தச்சனட்டைப் போகலாம்" என்றார் தந்தை. தாய் அப்போதுதான் வாசலுக்கு வந்து தூணோடு சாய்ந்து நின்றாள்.

மூன்றாவது, கயிறு. கயிற்றைக் கையாற் பிடித்துக் கலத்தை நிறுத்த முயல்வது பேதைமை. தூணில் ஒரு சுற்றுச் சுற்றினால் பிடி பன்மடங்காகின்றது. இரண்டாஞ் சுற்று அதனையும் பன்மடங்காக்குகின்றது. மகள் வீட்டுத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கயிற்றின் முனையை இரு விரலால் பிடிக்க, தம்பி மறுமுனையை முழுப் பலத்தோடும் இழுத்தான், கயிறு அசையவில்லை. கயிற்றை ஒருபோதும் கையிற் சுற்றிக்கொள்ளலாகாது. தரையிற் கிடக்கும் கயிற்று வளையத்துள் கால் வைக்கலாகாது. துறைக்குப் பாயலாகாது, நெருங்கியபின் காலெடுத்து வைத்து இறங்கவேண்டும். இவை துணைவிதிகள்.

நாலாவது, கயிறுகளின் ஒழுங்கு. முதலிற் கட்டவேண்டியது அணியக் கயிறன்று. கலத்தின் நடுவிலிருந்து பின்னோக்கிச் செல்லும் கயிறு. அதனைப் பின்னுள்ள தூணில் மாட்டி, முன்கியரை மெதுவாக இட்டு, சுக்கானைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால், கயிறு இறுகக் கலம் தானாகவே துறையோடு அணைந்து நிற்கும். காற்று விலக்கினாலும் இயந்திரம் அதனை அணைத்து வைத்திருக்கும். பின்னர் அணியக் கயிற்றையும் பின்கயிற்றையும் ஆறுதலாகக் கட்டலாம். நாலாம் பயணத்தில் நேர்ந்தது யாதென்பது இப்போது மகனுக்கு விளங்கிற்று. "அப்ப நான் கட்டினது பிழையில்லை, முதல் கட்டினதுதான் பிழை" என்றான். தந்தை அவனை நோக்கினார். "நீ கட்டினது பிழையில்லையடா. நான் சொல்லாமல் விட்டதுதான் பிழை" என்றார். அவ்வீட்டில் அத்தகைய வாக்கியம் அதற்குமுன் கேட்கப்பட்டதில்லை.

இயந்திர இரைச்சலில் குரல் பயன்படாது என்பதால் நாலு சைகைகளை வகுத்துக்கொண்டனர். கையைத் துறைப்பக்கம் வீசினால் கயிற்றை எறி. முட்டியை உயர்த்தினால் இறுக்கிப் பிடி. உள்ளங்கையைக் காட்டினால் பொறு. தலைக்குமேற் கையைச் சுழற்றினால் எல்லாவற்றையும் விடு, திரும்பிப்போய் மறுபடியும் வருவோம். இக்கடைசிச் சைகையை ஏற்பதே தந்தைக்குக் கடினமாக இருந்தது. பத்துப் பேர் பார்த்திருக்கத் துறைவரை வந்து கட்டாமல் திரும்பிப் போவது ஓட்டிக்கு அவமானம் என்பது அவர் கொண்டிருந்த எண்ணம். ஒவ்வொரு திரும்பலும் டீசலையும் தின்னும். ஆயினும், வாசற்படியில் இன்னமும் கிடந்த செருப்பை அவர் ஒருமுறை பார்த்தார். சைகை நாலாகவே நின்றது.

இரண்டு நாட்களின் பின் தாய் தானாகவே லோஞ்சில் ஏறினாள். கட்டிய நிலையில், இயந்திரம் ஓடாமல், கயிறு எறிந்தும் மாட்டியும் கழற்றியும் பழகினர். யார் எங்கே நிற்பது என்பதும் அன்று தீர்மானமாயிற்று. பதறாத கை மகளுடையது, நடுக்கயிறு அவளுக்கு. மகன் அணியத்தில். தாய்க்கு ஒரு ரயரும் அதனைத் தொங்கவிடும் கயிறும். கலம் எங்கே தொடப்போகின்றதோ அங்கே அதனைத் தொங்கவிடுவது அவள் பணி. அன்றியும், தூரத்தைச் சொல்வதும் அவள் பணி. மூன்று விரல், இரண்டு விரல், ஒரு விரல். கறிக்கு உப்பளக்கும் கண் கடலில் அடியளப்பதற்கும் போதுமானது என்று மகள் பகிடியாகக் கூறினாள்.

அடுத்த பயணத்தில் ஒரு முறை திரும்பிப்போய் வந்தே கட்டினர். துறையில் நின்றோர் சிரித்தனர். ஆயின், எவரும் கத்தவில்லை, எதுவும் உடையவில்லை.

இக்கதை இவ்விடத்து முடிந்திருப்பின் அது ஒரு தொழிற்பாடமாகவே நின்றிருக்கும். ஆவணி மாதத்து அமைதியான காலையொன்றில் மகள் சுக்கானைக் கேட்டாள். தந்தை சிறிது தயங்கிப் பின் விட்டுக்கொடுத்தார். அவள் விட்ட நடுக்கயிற்றைத் தாம் எடுத்துக்கொண்டார். எத்தனையோ ஆண்டுகளின் பின் கயிற்றோடு நிற்கிறார். துறை நெருங்கிற்று. இயந்திரத்தின் இரைச்சலில் சுக்கான் பக்கத்திலிருந்து எதுவும் கேட்கவில்லை. ஓட்டுபவள் இப்போது நிறுத்தப் போகிறாளா, இன்னும் முன்னே போகப் போகிறாளா என்பதும் தெரியவில்லை. துறை தம்மை நோக்கி ஓடி வருவதுபோலத் தோன்றிற்று. நெஞ்சு படபடத்தது. அவர் சைகைக்கு முன்பே கயிற்றை எறிந்தார்; அது தூணுக்கு ஐந்தடி இப்பால் நீரில் விழுந்தது. மகள் கத்தவில்லை. தலைக்குமேற் கையைச் சுழற்றினாள். லோஞ்சு திரும்பிற்று.

திரும்பிய அவ்வட்டத்துக்குள் தந்தை இரண்டு உண்மைகளை உணர்ந்தார் எனலாம். பின்னொருநாள் அவரே மனைவியிடம் அவற்றைக் கூறினார். ஒன்று, சுக்கான் பிடிப்பவன் அடுத்த கணத்தை அறிவான். கயிறு பிடிப்பவன் அறியான். அறியாமல் நிற்பவனுக்கே அச்சம் பெரிது. மற்றது அதனினும் கசப்பானது. அத்தனை நாளும் தாம் கத்தியது குடும்பத்தாருக்குக் கேட்பதற்காகவல்ல. துறையில் நின்றோருக்குக் கேட்பதற்காக. பிழை தம்முடையதன்று, கயிற்றோடு நிற்போருடையது என்று ஊரார் அறியவேண்டும் என்பதற்காக. அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தே மனைவி காலை நீட்டினாள்.

கற்பித்தல் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. வகுப்பறையிலே வினாவுக்கு விடை தெரியாமல் நிற்கும் மாணவன்மீது உயரும் குரலுக்கும் இறங்குதுறையில் உயரும் குரலுக்கும் அதிக வேறுபாடில்லை. இரண்டும் கற்பிக்கவேண்டிய வேளை கடந்தபின் எழுபவை. அறிந்தவன், தான் அறிந்ததை அறியாதவனின் இடத்தில் நின்று ஒருமுறையேனும் பார்க்கும்வரை அவன் வல்லவனாயிருக்கலாம், ஆசிரியனாதல் அரிது.

மகள் மறு ஆண்டு பல்கலைக்கழகம் புகுந்தாள். டீசல் மீண்டும் கிடைத்தது. லோஞ்சுக்குப் புதிதாக ஒரு பையன் உதவிக்கு வந்தான். அவனுக்குக் கற்பித்தவர் தந்தையல்லர், தாய். முற்றத்து மணலிற் பனை மட்டையை வைத்துக் காட்டினாள். தட்டையான செருப்பையும் கொண்டுவந்து காட்டினாள். "தம்பி, இதைப் பார். இதுக்குள்ளை என்ரை கால் இருந்தது" என்பதற்குமேல் அவள் விளக்கம் கூறவில்லை. பையன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவன் ஏறிய முதல் நாள், லோஞ்சு ஓசையின்றி மாவிலித்துறையை நெருங்கிற்று. துறையில் வழக்கமாக அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர், "என்ன, தொண்டை கட்டிப்போச்சோ?" என்று உரத்துக் கேட்டார். தந்தை சிரித்து, அவரை நோக்கிக் கையை வீசினார். பையன் சைகையைப் பிழையின்றிக் கற்றிருந்தான். இருபதடி முன்னதாகவே கயிற்றை எறிந்துவிட்டான்.

தாய் வாய்விட்டுச் சிரித்தாள். தந்தை தலைக்குமேற் கையைச் சுழற்றினார். லோஞ்சு மறுபடியும் திரும்பிற்று.